'லவ்விங்' (2016): தீர்ப்பைவிட வீட்டைப் பெரிதாகக் காட்டிய படம் – விவாதம்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

ஜெஃப் நிக்கோல்ஸ் எழுதி இயக்கிய 'லவ்விங்' பற்றி இங்கே தனி இழை எதுவும் கண்ணில் படவில்லை. முடிவு தெரிந்தால் சுவை கெடுகிற படம் இல்லை இது, அதனால் எதையும் மறைக்காமல் பேசலாம்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலம், கரோலைன் கவுண்டி, சென்ட்ரல் பாயின்ட் என்ற சிற்றூர். ரிச்சர்ட் லவ்விங் வெள்ளையர், கொத்தனார். மில்ட்ரெட் ஜெட்டர் கறுப்பினப் பெண். மில்ட்ரெட் கருவுற்றிருக்கிறார். இருவரும் மணப்பது வெர்ஜீனியாவில் குற்றம் என்பதால் 1958 ஜூன் 2 அன்று வாஷிங்டன் நகரத்துக்குப் போய் மணம் முடித்து ஊர் திரும்புகிறார்கள். ஜூலை 11, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, ஷெரிஃப் தன் ஆட்களோடு படுக்கையறைக்குள்ளேயே வந்து முகத்தில் டார்ச் அடிக்கிறார். ரிச்சர்ட் சுவரைக் காட்டுகிறார். அங்கே திருமணச் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. 'அது இங்கே செல்லாது' என்கிறார் ஷெரிஃப். இதெல்லாம் நடந்த சம்பவம்.

அடுத்த ஜனவரியில் ஓராண்டுச் சிறை விதிக்கிறார்கள். இருவரும் சேர்ந்து 25 ஆண்டுகளுக்கு வெர்ஜீனியாவில் கால் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையில் அந்தத் தண்டனை நிறுத்திவைக்கப்படுகிறது. வாஷிங்டனில் ஒண்டுக்குடித்தனம், பிள்ளைகள், பிறந்த மண்ணின் ஏக்கம். பிறகு மில்ட்ரெட் எழுதும் ஒரு கடிதம், இரண்டு இளம் வழக்கறிஞர்கள், 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

என்னைப் பிடித்து உலுக்கியது எது என்றால், இவ்வளவு பெரிய வழக்கை எடுத்துக்கொண்டு இயக்குநர் நீதிமன்றத்தை ஏறக்குறைய தள்ளியே வைத்திருப்பதுதான். உச்ச நீதிமன்ற வாதம் துண்டு துண்டாக வந்து போகிறது. அதே நேரம் ரிச்சர்ட் வேலைக்குப் போகிறார், மில்ட்ரெட் துணி காயப் போடுகிறார், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இதுதான் சரியான தேர்வு என்று உறுதியாக நினைக்கிறேன். அவர்கள் கேட்டது புகழோ வரலாற்றில் இடமோ இல்லை. சொந்த ஊரில், சொந்தபந்தம் சூழக் குடித்தனம் நடத்த வேண்டும், அவ்வளவுதான். படத்தின் தொடக்கத்திலேயே ரிச்சர்ட் ஒரு வெற்று நிலத்துக்கு மில்ட்ரெட்டைக் கூட்டிப்போய், இங்கேதான் உனக்கு வீடு கட்டப் போகிறேன் என்கிறார். சட்டம் பறித்தது அந்த வீட்டைத்தான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

இரண்டாம்ஆட்டம்

நல்ல படம்தான், ஆனால் எனக்குப் போதவில்லை. ரிச்சர்டாக வரும் ஜோயல் எட்ஜர்டன் படம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு முனகுகிறார். கோபம் வெடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் படம் பின்வாங்குகிறது. சொந்த மனைவியைக் கர்ப்பத்தோடு லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள், இவர் மறுநாளே வெளியே வந்துவிடுகிறார், அவளை ஜாமீனில் எடுக்கக்கூட விடாமல் விரட்டுகிறார்கள். அந்த இடத்தில் பார்க்கிற எனக்கே கை முறுக்கேறியது. திரையில் அவர் காருக்குத் திரும்பி நடக்கிறார்.

நீதிமன்றத்தைக் காட்டாமல் விட்டதைப் பெருமையாகச் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தந்த தீர்ப்பு. வெர்ஜீனியா தரப்பு என்ன முகத்தோடு நின்று வாதாடியது என்று பார்க்க எனக்கு ஆசை இருக்காதா?

கரணைபிடித்தகை

வணக்கம். அதிகம் எழுதுகிறவன் இல்லை நான். எங்கள் வீட்டில் அப்பா கொத்தனார், நான் கட்டட ஒப்பந்த வேலை. அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

இந்தப் படத்தில் கொத்து வேலையை வேலையாகவே காட்டியிருக்கிறார்கள். நூல் கட்டி, கரணையில் கலவை அள்ளி, கல்லின் முனையில் தடவி, வைத்து, தட்டி, மட்டம் பார்த்து, பிதுங்கிய கலவையை வழித்தெடுத்து அடுத்த கல்லுக்குப் போகிறார். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. இதை ஒரு தடவை காட்டிவிட்டு விடவில்லை, திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாம் யாரோ ஒருவர் வீட்டுச் சுவர். நாள் முழுக்க ஊரார் வீட்டைக் கட்டிவிட்டு, தன் நிலத்தில் ஒரு கல் வைக்க முடியாத மனிதன் அவர்.

இரண்டாம்ஆட்டம் சகோ, அவர் பேசாமல் இருப்பது பயத்தினால் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஷெரிஃப்பை அடித்தால் அன்றைக்கு மனசு ஆறும், மறுநாள் மில்ட்ரெட்டுக்கு யார்? அந்த ஊரில் கைநீட்டினால் அதன் விலை முதலில் அவள் தலையில்தான் விழும். அது அவருக்குத் தெரியும். எட்ஜர்டன் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிற விதத்தில் அது எனக்குத் தெரிந்தது.

செம்பருத்தி

வைகைக்கரை, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். வீட்டைப் பற்றிய படம் என்பது சரி. ஆனால் வீட்டைச் சுற்றி அப்போது எரிந்துகொண்டிருந்த வெர்ஜீனியா எங்கே?

1958 செப்டம்பரில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பள்ளியையே மூடிவிடலாம் என்று அந்த மாநில ஆளுநர் வாரன் கவுண்டி, சார்லட்ஸ்வில், நார்ஃபோக் ஆகிய இடங்களில் வெள்ளையர் பள்ளிகளை இழுத்துப் பூட்டினார். அந்த மூடல் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் சொன்ன நாள் 1959 ஜனவரி 19. லவ்விங் தம்பதி குற்றத்தை ஒப்புக்கொண்டது ஜனவரி 6. நடுவில் இரண்டு வாரம்கூட இல்லை! அதற்குப் பிறகும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி அடங்காமல் 1959 முதல் 1964 வரை பொதுப்பள்ளிகளையே நடத்தாமல் விட்டது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஏற்பாடானது, கறுப்பினப் பிள்ளைகள் பலர் படிப்பே இல்லாமல் வளர்ந்தார்கள்.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் ஷெரிஃப்பின் நடுநிசி டார்ச் ஒரு தனிமனிதக் கொடூரம் இல்லை, ஒரு அரசாங்கத்தின் கொள்கை என்பது உறைக்கும். படத்தில் சிவில் உரிமை இயக்கம் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் சிறிதாக ஓடுகிறது. வரலாறு தெரியாத ஒருவர் பார்த்தால், இரண்டு நல்லவர்களுக்கு ஒரு கெட்ட போலீஸ்காரர் தொல்லை கொடுத்தார் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

இதைச் சொல்லும்போதே மில்ட்ரெட்டாக நடித்த ரூத் நெக்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. எத்தியோப்பியத் தந்தை, அயர்லாந்துத் தாய். அவர் கண்ணிலேயே பாதிப் படம் ஓடுகிறது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. தயங்கித் தயங்கிப் பேசும் பெண், நடுவில் எங்கோ வழக்கைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். எந்த இடத்தில் மாறினார் என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. ரிச்சர்ட் பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஒதுங்குகிறார். மில்ட்ரெட் வாசல் கதவைத் திறந்து உள்ளே வரச் சொல்கிறார். போராளி என்றால் எனக்கு அவர்தான்.

நீதிமன்றவாசல்

எல்லாருக்கும் வணக்கம். வக்கீல் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில், படம் விட்ட இடத்தை நான் கொஞ்சம் நிரப்புகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். 1924ஆம் ஆண்டு இனத் தூய்மைச் சட்டம். வெள்ளையர் வெள்ளையரைத் தவிர யாரையும் மணக்கக் கூடாது. வெளிமாநிலத்தில் மணந்து திரும்பி வந்தாலும் குற்றம். தண்டனை ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. நீதிபதி லியான் பசீல் கொடுத்தது குறைந்தபட்சத் தண்டனை. ஊரைவிட்டுப் போனால் அதுவும் வேண்டாம் என்றார்.

1963இல் மில்ட்ரெட் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கு எழுதினார். அங்கிருந்து அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கமான ஏ.சி.எல்.யூ.வுக்கு அனுப்பிவைத்தார்கள். வழக்கு இளம் வழக்கறிஞர் பெர்னார்ட் கோஹன் கைக்கு வந்தது. சிக்கல் என்ன தெரியுமா? குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது, மேல்முறையீட்டுக்கான காலமும் எப்போதோ கடந்துவிட்டது. மறுபடி ஊருக்குள் போய்க் கைதானால் புது வழக்குக் கிடைக்குமே என்று படத்தில் கோஹன் கேட்பதும், ரிச்சர்ட் முகம் மாறுவதும் இதனால்தான். கடைசியில் வழி வேறு இடத்தில் கிடைத்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருப்பதால் வழக்கு இன்னும் அதே நீதிபதியின் அதிகாரத்துக்குள்தான் இருக்கிறது, ஆகவே தீர்ப்பை ரத்து செய்யும்படி அவரிடமே கேட்கலாம். அவர்களைத் துரத்திய அந்த நிபந்தனையே வழக்கை உயிரோடு வைத்திருந்தது!

1963 நவம்பர் 6 அன்று மனு. ஏறத்தாழ ஓராண்டு பசீல் வாயே திறக்கவில்லை. 1964 அக்டோபரில் இன்னொரு வழக்கறிஞர் பிலிப் ஹிர்ஷ்காப்பும் சேர்ந்து கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகுதான், 1965 ஜனவரி 22 அன்று பதில் வந்தது. எல்லாம் வல்ல கடவுள் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என்று இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், அப்படிப் பிரித்து வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எழுதினார் அந்த நீதிபதி. சட்டம் படித்த ஒருவர் தீர்ப்பில் எழுதிக் கையெழுத்திட்டது இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1966 மார்ச் 7 அன்று சட்டம் செல்லும் என்றே சொன்னது.

இரண்டாம்ஆட்டம் கேட்டாரே, வெர்ஜீனியா என்ன வாதாடியது என்று. அவர்களுடைய பெரிய ஆயுதம் 'வெள்ளையருக்கும் அதே தண்டனை, கறுப்பருக்கும் அதே தண்டனை, இதில் பாகுபாடு எங்கே?' என்பது. கேட்பதற்கு நியாயம்போல இருக்கும். 1883இல் அலபாமா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றிருந்தது. தலைமை நீதிபதி எர்ல் வாரன் அதை உடைத்த விதம் அருமை. கறுப்பினத்தவரும் பிற இனத்தவரும் தங்களுக்குள் மணந்துகொண்டால் வெர்ஜீனியா கண்டுகொள்ளவில்லை. வெள்ளையர் ஒருவர் சம்பந்தப்பட்டால் மட்டுமே தடை. அப்படியானால் இது வெள்ளையர் மேலாதிக்கத்தைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடே தவிர வேறில்லை என்று நேராகவே எழுதினார். அன்றைக்கு இதே போன்ற சட்டம் 16 மாநிலங்களில் இருந்தது. அத்தனையும் ஒரே நாளில் செல்லாமல் போயின.

இரண்டாம்ஆட்டம்

ஐயா, அருமையான விளக்கம். ஆனால் இது என் பக்கத்துக்குத்தானே வலு சேர்க்கிறது? தண்டனை நிபந்தனையே வழக்குக்கு உயிர் கொடுத்தது என்பதைத் திரையில் பார்த்திருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

நீதிமன்றவாசல்

தம்பி, நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் கோஹன் உச்ச நீதிமன்றத்தில் பேசியதில் மிக வலுவான இடம் எது என்று பாருங்கள். சட்ட நுணுக்கத்தைவிட, வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி அவர் சொன்னதுதான். ராத்திரி படுத்து, காலையில் எழுந்திருக்காமல் போனால், பிள்ளைகளுக்குச் சொத்து சேரும் என்ற நிம்மதியோடு தூங்க லவ்விங் தம்பதிக்கு உரிமை உண்டு என்றார். உயிரோடு இருக்கும் துணைக்குச் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை கிடைக்க வேண்டும் என்றார். திருமணம் செல்லாது என்றால் மனைவி மனைவி இல்லை, பிள்ளைகள் வாரிசு இல்லை. நம் சிவில் கோர்ட்டுகளில் நாள்தோறும் இதற்காகத்தானே வந்து நிற்கிறார்கள். அந்தக் கோணத்தில் வைகைக்கரை சொல்வதுதான் சரி, வழக்கே வீட்டைப் பற்றியதுதான்.

புதியவாசகி

ஒரு சந்தேகம். பசீலின் பட்டியலில் இந்தியர்களே காணோமே? அந்தக் காலத்தில் ஒரு தமிழர் வெர்ஜீனியாவில் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ரிச்மண்ட்வாசி

செல்லாது என்றுதான் சட்டம் சொல்லும். 1924 சட்டத்தின் கணக்கில் வேறு இன ரத்தம் துளியும் கலக்காதவர்தான் வெள்ளையர். (அதிலும் ஒரு விலக்கு வைத்துக்கொண்டார்கள். போகாஹான்டஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசும் பழைய வெள்ளைக் குடும்பங்களைக் காப்பாற்ற, பதினாறில் ஒரு பங்கு பூர்வகுடி ரத்தம் இருந்தால் பரவாயில்லை என்று.) அதற்கு முந்தைய ஆண்டுதான், 1923இல், பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் குடியுரிமைச் சட்டப்படி 'வெள்ளையர்' ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், அப்படியும்.

கலிஃபோர்னியாவில் பண்ணைகளில் உழைத்த பஞ்சாபி ஆண்கள் பலர் மெக்சிகப் பெண்களை மணந்ததற்கும் இந்தச் சட்டங்கள் ஒரு காரணம். ஊரிலிருந்து பெண்ணை அழைத்துவரக் குடியேற்றச் சட்டம் விடவில்லை, வெள்ளையரை மணக்க மாநிலச் சட்டம் விடவில்லை. இருவர் நிறமும் ஒன்றுபோலத் தெரிந்தால் பதிவு அலுவலகத்தில் உரிமம் கொடுத்துவிடுவார்கள். அப்படி உண்டான குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். கலிஃபோர்னியாத் தடை 1948இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. அந்த வழக்கைப் போட்டது மெக்சிக வம்சாவளிப் பெண் ஆந்த்ரேயா பெரெஸும் கறுப்பினத்தவரான சில்வெஸ்டர் டேவிஸும்.

இன்னொன்று. இழையில் மில்ட்ரெட்டைக் 'கறுப்பினப் பெண்' என்று சொல்லிக் கடந்துபோகிறோம். அவர் தன்னைப் பூர்வகுடிப் பெண் என்று சொல்லிக்கொண்டவர். வாஷிங்டன் திருமண உரிமத்தில் அவர் இனமாக எழுதப்பட்டிருப்பதும் அதுதான். வெர்ஜீனியாவில் இது ஏன் முக்கியம் என்றால், வால்டர் பிளெக்கர் என்று ஒரு பதிவாளர், 1912 முதல் 1946 வரை மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவு முழுக்க அவர் கையில் இருந்தது. இங்கே பூர்வகுடி என்று யாருமே மிச்சமில்லை, எல்லாரும் 'நிறத்தவர்', அதாவது கறுப்பினத்தவர்தான் என்று பிடிவாதம் பிடித்து ஆவணங்களைத் திருத்தியவர் அவர். ஒரு மக்களின் பெயரையே காகிதத்தில் அழித்தார். மில்ட்ரெட்டின் வம்சம் பற்றி இன்றுவரை ஆய்வாளர்கள் வாதாடுவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். படம் இதை ஓரமாகத்தான் தொடுகிறது. எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

சென்ட்ரல் பாயின்ட் பக்கம் போயிருக்கிறேன். சோளக்காடும் மரங்களும்தான். வழக்கு நடந்த பௌலிங் கிரீன் நீதிமன்றம் ரிச்மண்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். சென்ட்ரல் பாயின்ட்டில் அந்தக் காலத்திலேயே வெள்ளையர், கறுப்பர், பூர்வகுடி மூவரும் ஒன்றாகப் புழங்கினார்கள். ரிச்சர்டின் தந்தை ஒரு வசதியான கறுப்பின விவசாயியிடம் வேலை பார்த்தவர். ரிச்சர்டின் தாய் ஊருக்கே பிரசவம் பார்த்தவர். கார் பந்தயத்தில் ரிச்சர்டோடு நின்றவர்கள் கறுப்பின நண்பர்கள். படத்தின் முதல் பந்தயக் காட்சியில் வெளியூர் வெள்ளையர்கள் அவரைப் பார்க்கிற பார்வையைக் கவனித்தீர்களா? அந்த ஊருக்குள் அது வாழ்க்கை, வெளியே அது குற்றம்.

வைகைக்கரை

ரிச்மண்ட்வாசி, மிக்க நன்றி. பிளெக்கரைப் பற்றி இவ்வளவு விரிவாகத் தமிழில் நான் படித்ததில்லை.

செம்பருத்தி, பள்ளி மூடலைப் பற்றிய உங்கள் வாதத்துக்கு ஒரு பதில். படம் அரசாங்கத்தைக் காட்டவில்லை என்கிறீர்கள். நான் பார்த்தவரை அரசாங்கம் ஒவ்வொரு காட்சியிலும் இருக்கிறது, ஆள் மட்டும் தெரிவதில்லை. ரகசியமாக வெர்ஜீனியாவுக்குத் திரும்பி ஒதுக்குப்புறப் பண்ணை வீட்டில் குடியிருக்கும் பகுதியைத் திரும்பப் பாருங்கள். மண் ரோட்டில் கார் சத்தம் கேட்டால் ரிச்சர்ட் உடம்பு விறைக்கிறது. கார் கடந்து போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. நமக்கும் மூச்சு நின்று வருகிறது. ஒரு கொள்கை குடும்பத்துக்குள் புகுந்து உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும். அதைப் புள்ளிவிவரத்தில் காட்ட முடியாது.

லைஃப் பத்திரிகைப் புகைப்படக்காரர் கிரே வில்லெட் வரும் பகுதியும் அப்படித்தான். வில்லெட்டாக மைக்கேல் ஷானன் கொஞ்ச நேரமே வருகிறார். சோபாவில் ரிச்சர்ட் மில்ட்ரெட்டின் மடியில் தலை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துச் சிரிக்கிறார், வில்லெட் ஓசைப்படாமல் எடுக்கிறார். அந்தப் படம் நிஜத்திலும் உண்டு, இணையத்தில் தேடினால் கிடைக்கும். வில்லெட் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1949 முதல் இதே மாதிரிக் கலப்பு மணத்தைத் தடை செய்து, 1985 வரை அதை விடாமல் வைத்திருந்த நாடு அது. அந்த மண்ணிலிருந்து வந்தவர் கண்ணுக்கு, ஒரு கணவனும் மனைவியும் சோபாவில் சிரிப்பதுதான் படம் எடுக்க வேண்டிய விஷயமாகப் பட்டிருக்கிறது.

லவ்விங் தம்பதி பற்றிய லைஃப் கட்டுரை 1966 மார்ச்சில் வெளியான பிறகு படத்தில் வருவதைச் சொல்கிறேன். வேலை முடிந்து காருக்கு வரும் ரிச்சர்ட், உள்ளே ஒரு செங்கல் கிடப்பதைப் பார்க்கிறார். அதைச் சுற்றி அந்தப் பத்திரிகைப் பக்கம். யார் வைத்தது? சுற்றுமுற்றும் பார்க்கிறார், எல்லாரும் தினமும் கூட வேலை பார்க்கிறவர்கள். ஒரு கொத்தனாரைச் செங்கல்லால் மிரட்டுகிறார்கள். வசனம் கிடையாது.

கரணைபிடித்தகை

அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, வைகைக்கரை. சோறு போடுகிற பொருள் அது.

செம்பருத்தி

செங்கல் காட்சிக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனாலும் என் வாதத்தை விடமாட்டேன். கார் சத்தத்துக்குப் பயப்படும் குடும்பத்தைக் காட்டியதோடு, பயமுறுத்தியவர்கள் ஓட்டு வாங்கி ஜெயித்தவர்கள் என்பதையும் காட்டியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்த ஓட்டு தீர்ப்போடு மறைந்துவிடவில்லை. தடைச் சட்டத்தைத் தங்கள் அரசியல் சாசனத்திலிருந்து நீக்கத் தெற்குக் கரோலைனா 1998 வரை எடுத்துக்கொண்டது. அலபாமா 2000ஆம் ஆண்டில்தான் நீக்கியது. அப்போதும் அங்கே வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் அந்த வாசகம் இருக்கட்டும் என்றே ஓட்டுப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டில்!

தீர்ப்புக்குப் பிறகு ரிச்சர்ட் சென்ட்ரல் பாயின்ட்டில் வீடு கட்டினார். எட்டு ஆண்டுதான். 1975இல் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி அவர் இறந்தார். கூட இருந்த மில்ட்ரெட்டுக்கு ஒரு கண் போனது. நீதிமன்றவாசல் ஐயா சொன்ன கோஹன் வாதம் அப்போது இவர்கள் வீட்டுக்கே பொருந்திவந்தது. மில்ட்ரெட் மறுமணம் செய்யவில்லை, 2008 மே மாதம் அந்த வீட்டிலேயே காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு, தீர்ப்பின் 40ஆம் ஆண்டு நாளில், ஒருபால் திருமண உரிமையை ஆதரித்து அவர் பெயரில் அறிக்கை வந்தது. 2015இல் அந்த உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, லவ்விங் தீர்ப்பைத்தான் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார்கள்.

இரண்டாம்ஆட்டம்

சரி, இந்த வாரக் கடைசியில் மறுபடி பார்க்கிறேன். பண்ணை வீட்டுப் பகுதியை நான் வேகமாக ஓட்டிவிட்டுப் பார்த்த நினைவு. நீதிமன்ற வாதம் குறைவு என்ற குறை மட்டும் போகாது.

நீதிமன்றவாசல்

அதற்கு வழி இருக்கிறது தம்பி. 1967 ஏப்ரல் 10 அன்று நடந்த வாதத்தின் ஒலிப்பதிவு முழுதாகவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வழக்கறிஞராகி ஐந்தாண்டுகூட ஆகாத ஹிர்ஷ்காப் தொடங்குவதும், அடுத்து கோஹன் பேசுவதும், ஜப்பானிய அமெரிக்கர்கள் சார்பில் வில்லியம் மாருதானி எழுந்து பேசுவதும் அதில் உண்டு. ரிச்சர்டும் மில்ட்ரெட்டும் அன்றைக்கு நீதிமன்றத்துக்கு வரவில்லை. என் மனைவியை நேசிக்கிறேன், அவளோடு வெர்ஜீனியாவில் வாழ முடியாதது அநியாயம் என்று சொல்லிவிடுங்கள் என ரிச்சர்ட் சொல்லி அனுப்பியதைக் கோஹன் நீதிபதிகள் முன் அப்படியே எடுத்துச் சொல்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு அதையும் கேளுங்கள். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள், வெர்ஜீனியா தரப்பு வழக்கறிஞர் குழந்தைகளின் நலன் என்று சொல்லி வாதாடும் இடத்தைப் பற்றி எனக்கு இன்னும் நிறையச் சொல்ல இருக்கிறது.